இருபத்தேழு கையெழுத்து

1

1966 மே 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். கியூர்பீப்பில் தூறல், காற்று இல்லை. மருந்துக்கடை வாசலில் தொங்கிய வெப்பமானி அறுபத்திரண்டு டிகிரி காட்டியது. நான் பேத்தி வள்ளியின் மழைக்கோட்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் படித்த மாண்டிசோரிப் பள்ளியின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். அவள் கோட்டை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அவள் மறக்கவில்லை, நான்தான் பேருந்தில் என் மடியில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் விட்டேன். இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

இன்றும் மே 17. 1968. இடையில் இந்த மொரீஷியஸ் தீவு விடுதலை பெற்றது. ரோஸ் பெல்லில் எங்கள் தெருவில் மட்டும் பதினான்கு புதுக் கொடிகள் கட்டியிருந்தார்கள். கும்பகோணத்தில் இதைப் படிப்பவர்கள் அந்தக் கொண்டாட்டத்தைப் பற்றி நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்கலாம். முப்பத்திரண்டு வருடமாக ஊருக்கு நான் எழுதிய கடிதங்களில் நான் நன்றாகவே இருப்பேன். நாற்காலி இருக்கும், பேனா இருக்கும், மரியாதை இருக்கும். இந்த ஒன்றில் அப்படி இருக்கப்போவதில்லை. இதற்கு முன் எட்டு முறை எழுதத் தொடங்கிக் கிழித்திருக்கிறேன்.

2

நான் கும்பகோணம் கல்லூரியில் எஃப்.ஏ. வரை படித்துத் தேறாமல், வேறு வேலைகள் பார்த்து, முப்பத்தெட்டு வயதில், 1936 செப்டம்பரில் இங்கே வந்தேன். என்னோடு கப்பலில் வந்தவர்கள் கடை வைக்க வந்தவர்கள். இங்கே ஏற்கெனவே இருந்த தமிழர்களோ, கரும்பு வெட்ட ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். நான் இரண்டிலும் சேராதவன். ரோஸ் பெல் பக்கத்தில் ஒரு சர்க்கரைத் தோட்டத்தில் வருகைக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. விடியற்காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வந்தவனுக்கு ஒரு கோடு, வராதவனுக்கு ஒரு சுழி. மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து வந்தாலும் சுழிதான். இருபத்திரண்டு வருடம் அந்தக் கோட்டையும் சுழியையும் போட்டேன்.

நான் வந்து பதினோராம் மாதம், 1937 ஆகஸ்டில், தோட்டங்களில் கலவரம். அன்று நான் அலுவலகக் கதவைத் தாழிட்டுவிட்டு, வருகைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே நின்றவர்கள் யாரும் என்னை அடிக்க வரவில்லை. அவர்களுக்கு என் நினைவே இருந்திருக்காது. ஆனால் அன்று ஒரு சபதம் எடுத்தேன்: என் கையோ, என் பிள்ளைகள் கையோ, மண்வெட்டியையும் துடைப்பத்தையும் தொடக்கூடாது. பேனா பிடிப்பவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம்.

இங்கேயே பிறந்த பெண்ணை 1938இல் மணந்தேன். அவள் 1959இல் போய்விட்டாள். ஒரே மகள் கமலா. கமலாவும் மருமகனும் 1966 ஜனவரியில் இங்கிலாந்துக்குப் போனார்கள். அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி. நான் கோயிலில் அதை ‘மருத்துவம் படிக்கிறாள்’ என்று சொல்லி வைத்தேன். நாலு வயதான வள்ளியை என்னிடம் விட்டுப் போனார்கள். அவளைக் கியூர்பீப்பில் மாண்டிசோரிப் பள்ளியில் சேர்க்கச் சொன்னது கமலா. மாதம் பதினைந்து ரூபாய், அவளே அனுப்பினாள். ‘அடிக்கமாட்டார்கள் அப்பா, திட்டமாட்டார்கள், அவள் பாட்டுக்கு இருக்க விடுவார்கள்’ என்று எழுதியிருந்தாள்.

வள்ளி அம்மா போன நாளிலிருந்து அதிகம் பேசுவதில்லை. நான் எண்ணிப் பார்த்ததில், ஒரு நாளைக்கு முப்பது வார்த்தைக்கு மேல் வராது. அதிலும் பாதிக்கு மேல் இந்தத் தீவின் பேச்சான கிரியோல். வீட்டில் அவளைக் குளிப்பாட்டித் தலை பின்னிவிட்டது பக்கத்து வீட்டு மாரியாயி. என் வருகைப் புத்தகத்தில் இருபது வருடம் பெயர் இருந்தவள். களை எடுத்துக் காய்த்துப்போன அவள் கை, வள்ளியின் தலையில் மட்டும் மெதுவாகப் போகும்.

மே 16 அன்று கமலாவின் கடிதம் வந்தது. பயிற்சியில் முதல் ஆறு மாதமும் படிப்பு குறைவு என்று எழுதியிருந்தாள். காலையில் இருபத்துநான்கு கட்டில் அலமாரிகளைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், பிறகு மலச்சட்டிகள். அதை அவள் சிரித்துக்கொண்டு எழுதியிருந்தாள். நான் கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். மறுநாள்தான் மே 17.

3

அந்தப் பள்ளி ஒரு பழைய மரவீடு. தகரக் கூரை, சுற்றிலும் மூங்கில் வேலி. பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே விதி. வேண்டுமானால் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். அதுவரை நான் பார்த்ததில்லை.

உள்ளே உட்காரும் பலகைகளும் இல்லை, வரிசைகளும் இல்லை. தரையில் பாய்கள். குழந்தைகள் அங்கங்கே. நான் எண்ணினேன். இருபத்திரண்டு. வெள்ளைக்காரரும் கலப்பினத்தாரும் பத்து, சீனர் மூன்று, நம்மவர் ஒன்பது. நடுவில் இரண்டு வெள்ளைக் குழந்தைகள் பாயில் உட்கார்ந்து பொன்னிற மணிகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில், வாளி, சோப்பு, தேய்ப்பு நார், துணி. மூன்று குழந்தைகள் அங்கே இருந்தார்கள். மூன்றும் நம்மவர். ஒரு பெண் துணியைப் பிழிந்தாள், ஒரு பையன் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தான். மூன்றாவது வள்ளி. மஞ்சள் நிற ரப்பர்த்துணி ஏப்ரன் முழங்கால் வரை தொங்க, ஒரு சின்ன மேசையைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு கடைவாயில் நீட்டியிருந்தது.

வேலை செய்யும் மூவர், மூவரும் இந்தியர். விளையாடும் இருவர், இருவரும் வெள்ளையர். என் கணக்கு முடிந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஈரச் செருப்போடு உள்ளே போனேன். வள்ளியின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். நார் தரையில் விழுந்தது. அவள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

“லெஸ் மோ ஃபினி, தாத்தா.” முடிக்க விடு, தாத்தா.

அந்தப் பள்ளியை நடத்தியவர் பெயர் வேலாயுதம். மணமாகாத தமிழ்ப் பெண், வயது முப்பத்துநான்கு. எல்லாரும் மாம்செல் என்பார்கள், அவர் ஆண்களை முசியே, அதாவது ஐயா, என்பார். அவர் எழுந்து வந்தார், ஓடி வரவில்லை. அங்கே யாரும் குரல் உயர்த்துவதில்லை என்பதால் என் காதருகே சொன்னார்.

“முசியே, அவ கையை விடுங்க. வெளிய போயி பேசலாம். அவ முடிக்கட்டும்.”

“என் பேத்தி தோட்டி வேலை கத்துக்க மாசம் பதினைஞ்சு ரூபாயா?” நான் இதை ஆங்கிலத்தில் கத்தினேன். மணி கோத்த குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். “அந்த வெள்ளைப் பிள்ளையைத் தேய்க்கச் சொல்லுங்க பார்ப்போம்!”

“நான் யாரையும் சொல்றது இல்ல, முசியே. அவங்களே எடுப்பாங்க.”

“நாலு வயசுப் பிள்ளை தானா வாளியை எடுக்குமா?”

“வி. எடுக்கும்.”

ஆமாம் என்ற அந்த ‘வி’யில் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஏப்ரனைக் கழற்றிக்கூடக் கொடுக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மழைக்கோட்டை அந்த ஜன்னல் கட்டையிலேயே மறந்துவிட்டேன். பேருந்தில் நடத்துநரிடம் சொன்னேன், முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களிடம் சொன்னேன், ரோஸ் பெல்லில் இறங்கியதும் ரொட்டிக் கடைக்காரரிடம் சொன்னேன். வள்ளி வழிநெடுக வலது கையை விரித்து வைத்திருந்தாள். சோப்பு நுரை அதில் காய்ந்து வெள்ளையாகியிருந்தது.

4

அன்றே மனு எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். என் ஆங்கிலத்தைப் பற்றி இங்கே நல்ல பெயர் உண்டு. ‘மேற்படி பள்ளியில் இந்தியக் குழந்தைகள் வீட்டு வேலைக்காரர்களைப் போல நடத்தப்படுகிறார்கள், ஐரோப்பியக் குழந்தைகள் அவர்கள் உழைப்பில் விளையாடுகிறார்கள்’ என்பது அதில் முக்கிய வாக்கியம். அதை மூன்று முறை திருத்தி எழுதினேன். கமலாவின் கடிதம் அரிசி டின்னுக்கு அடியில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து சோறு போடுவதற்கு முன் மனுவைப் படித்தேன். வாக்கியம் வாக்கியமாக, தமிழும் கிரியோலும் கலந்து சொன்னேன். பசியோடு இருந்த கூட்டம் இவ்வளவு அமைதியாக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. முடித்ததும் முதலில் எழுந்து வந்தவள் மாரியாயி.

“எங்க வைக்கணும், கணக்கப்புள்ள?”

கட்டை விரலில் மையைத் தடவிக் கொடுத்தேன். அவள் அழுத்தி வைத்தாள். காகிதம் கிழிந்துவிடும்போல இருந்தது. அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. கையெழுத்து பதினாறு, கைநாட்டு பதினொன்று, மொத்தம் இருபத்தேழு. எல்லாரும் என் புத்தகத்தில் கோடும் சுழியுமாக இருந்தவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள். அன்று சோறு பரிமாறும்போது எனக்கு முதல் இலை போட்டார்கள். முப்பது வருடத்தில் அது முதல் தடவை.

திங்கட்கிழமை தலைநகர் போர்ட் லூயியில் உள்ள கல்வி அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். ஒரு பிரதி பள்ளிக்கும் போட்டேன்.

5

ஜூன் 4, சனிக்கிழமை, மாம்செல் வேலாயுதம் என் வீட்டுக்கு வந்தார். கையில் வள்ளியின் மழைக்கோட்டும் ஒரு நீளமான நோட்டும் இருந்தன. நான் நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை.

“முசியே நல்லா எண்ணுவீங்கன்னு வள்ளி சொல்லுச்சு. அதனால இத கொண்டாந்தேன்.”

“வள்ளி சொன்னாளா? பேசினாளா?”

“ஒரு நாள். ‘தாத்தா படிக்கட்டு எண்ணுவாரு’ன்னு.”

நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். நான் இருபத்திரண்டு வருடம் எழுதிய புத்தகத்தைப் போலவே கோடு போட்ட நோட்டு. இடது பக்கம் குழந்தைகளின் பெயர். மேலே நேரம், கால் மணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் குழந்தை என்ன செய்தது என்று பிரெஞ்சில் ஒரே சொல். ஒரு கட்டம்கூட விடுபட்டதாகத் தெரியவில்லை.

“மே பதினேழு. நீங்க வந்த நாள். மேசை கழுவுறது, பாருங்க.”

விரலால் காட்டினார். எட்டே முக்காலுக்கு ஒரு வெள்ளைப் பையன். ஒன்பது மணிக்கும் அவனே. ஒன்பதரைக்கு ஒரு சீனப் பெண். ஒன்பதே முக்காலுக்குக் கலப்பினப் பையன் ஒருவன். பிறகு வள்ளி. நான் பார்த்த மற்ற இருவரும் அவள் தண்ணீர் சிந்தியதும் தாமாக உதவ வந்தவர்கள்.

“முசியே எண்ணினது சரி. அந்த ரெண்டு நிமிஷத்துக்கு.”

 அவர் பக்கங்களை ஜனவரி வரைக்கும் திருப்பினார். வள்ளியின் வரிசை மட்டும் எல்லாப் பக்கத்திலும் ஒரே சொல்லாக இருந்தது. பார்க்கிறாள். பார்க்கிறாள். பார்க்கிறாள். அறுபத்தொரு பள்ளி நாள். காலை முதல் மதியம் வரை மற்றவர்கள் செய்வதை அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறாள். ஒரு மணியைத் தொடவில்லை, ஒரு பாயை விரிக்கவில்லை. அங்கே அதுவும் விதி. இன்னொருவர் வேலையைப் பார்ப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேசாமல், முடியும்வரை பார்க்க வேண்டும்.

“நானும் காத்திருந்தேன். அவசரம் பண்ணக்கூடாது. அறுபத்தொரு நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் போயி ஏப்ரனை எடுத்தா. பத்து மணி அஞ்சு நிமிஷம். நோட்ட பாக்காம அவளையே பாத்து எழுதினேன். பாருங்க, எழுத்து கோணலா இருக்கு.”

கோணலாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த கட்டம் காலி. அந்த நோட்டிலேயே காலியாக இருந்த ஒரே கட்டம்.

“இந்தத் தோட்டி வேலைய நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன். தோற்றவன் கேட்கும் கேள்வி அது.

“உங்க ஊர்ல. மதராஸ்ல ஒரு வருஷம். அங்க பெரிய வீட்டுப் பிள்ளைங்களும் கழுவுச்சு, முசியே. எங்கம்மா கியூர்பீப்ல வெள்ளைக்காரர் துணி துவைச்சு என்னை அனுப்புனாங்க. அந்தக் கையத்தான் நான் புள்ளைங்களுக்குக் காட்டுறேன்.”

அவர் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. இரண்டே கேட்டார். ஒன்று, மனுவைத் திரும்ப வாங்க வேண்டும். பள்ளியின் அனுமதியை அந்த வருடக் கடைசியில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, வள்ளியைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.

அனுப்பினேன். வள்ளி போனாள். ஏப்ரனைத் தானே கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினாள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த வருடக் கடைசிவரை மாம்செலின் நோட்டில் அவள் வரிசையில் ‘பார்க்கிறாள்’ தவிர வேறு சொல் வரவில்லை.

6

மனுவைக் கொடுப்பது எளிது. திரும்ப வாங்குவது எப்படி என்று போர்ட் லூயியில் யாருக்கும் தெரியவில்லை. முதல் தடவை போனபோது ஜன்னல் எண் மூன்றுக்குப் போகச் சொன்னார்கள். மூன்றில் ஐந்துக்கு. ஐந்தில் இருந்த இளைஞன் மரியாதையானவன். என் மனுவுக்கு ஓர் எண் விழுந்து, கோப்பில் கட்டி, நாடா போட்டாகிவிட்டது என்றான்.

“நான் எழுதினது தப்பு. நானே சொல்றேன்” என்றேன்.

“நீங்க மட்டும் எழுதலையே, முசியே. இருபத்தேழு பேர் சேர்ந்துதான குடுத்திருக்கீங்க. திரும்ப வாங்கணும்னா இருபத்தேழு பேரும் முத்திரைத் தாள்ல கையெழுத்து வைக்கணும்.”

“இருபத்தேழு பேரும் நான் சொன்னத நம்பி வச்சவங்க. யாரும் நேர்ல பாக்கல.”

அவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “அத நான் எழுதிக்கட்டுமா?”

வேண்டாம் என்றேன். அதையும் சேர்த்து ஆறு தடவை போனேன்.

இரண்டு ரூபாய் முத்திரைத் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இருபத்திரண்டு வருடம் அவர்கள் என் முன்னால் வரிசையில் நின்றவர்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்குள்ளும் நான் அதற்கு முன் நுழைந்ததில்லை. பதினைந்து பேர், காரணம் கேட்காமல் வைத்துக் கொடுத்தார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. முதல் மனுவிலும் அப்படித்தான் வைத்தார்கள். மூன்று பேர் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். ஒருவர் ஜூலையில் இறந்துவிட்டார். அவர் மகன் தாளைப் பார்த்து, ‘அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்று சிரித்தான். எட்டுப் பேர் மறுத்தார்கள். எட்டில் முதல் ஆள் மாரியாயி.

அவள் முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, வெள்ளைப் பையன், அறுபத்தொரு நாள். அவள் சாம்பலும் நாருமாகக் கடைசிவரை கேட்டாள்.

“அப்ப அந்தப் பள்ளிக்கூடத்துல அப்படி நடக்கல.”

“நடக்கல.”

“சரி. கியூர்பீப்ல வேற எங்கயும் நடக்கலையா?”

எனக்குப் புரிந்தது. புரியாததுபோல நின்றேன்.

“எம்மக தெய்வானை பதிமூணு வயசுலேருந்து அந்தப் பெரிய வீட்டுல தரை தேய்க்குறா. முட்டி ரெண்டும் கறுத்துக் கெடக்கு. அவங்க புள்ளைங்க வெளையாடுதுங்க. நீ கோயில்ல படிச்சியே, அத கேட்டப்ப எம்மகளத்தான் எழுதியிருக்கேன்னு நெனைச்சேன். பரவால்ல, கணக்கப்புள்ளைக்கு இப்பவாச்சும் கண்ணு தெரிஞ்சுதேன்னுதான் கட்டை வெரல அழுத்தி வச்சேன்.”

“மாரியாயி, இது வேற.”

“எனக்கு வேற இல்ல. அஞ்சு நிமிசம் பிந்தி வந்தா சுழி போட்ட. புள்ளைக்கு ஜொரம்னேன், அதுக்கும் சுழி. அப்பல்லாம் உங்கிட்ட இந்தப் பேனாதான இருந்துச்சு? உம்பேத்தி ஒரு நாரத் தொட்டதும் நாலு பக்கம் வந்துருச்சு.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். “எனக்காக யாரும் எழுதுன ஒரே காகிதம் அது. அத நானே அழிக்க மாட்டேன். நீ வேணா தெய்வானைக்கு வேறயா ஒண்ணு எழுதிக் குடு. அப்ப இதுல வைக்கிறேன்.”

“எழுதுறேன்” என்றேன்.

எழுதவில்லை. யாருக்கு முகவரி போடுவது என்று யோசித்தேன். பள்ளிக்கு அனுமதி கொடுக்க அலுவலகம் இருக்கிறது, ஜன்னல் எண் இருக்கிறது. தெய்வானையின் முழங்காலுக்கு எந்த ஜன்னல்? இதைக் காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. தெய்வானையைப் பற்றி நாலு வரி எழுதினால், ஐந்தாவது வரியில் இருபத்துநான்கு கட்டில் அலமாரிகள் வந்து நிற்கும் என்று பயந்தேன்.

7

ஆய்வாளர் ஆகஸ்டில் வந்து பார்த்தார். கண்ணாடிக் கூஜா, சூடான இஸ்திரிப் பெட்டி, கத்தி இவை குழந்தைகள் கைக்கு எட்டும்படி இருக்கின்றன. பலகைகளும் கரும்பலகையும் கால அட்டவணையும் இல்லை. குழந்தைகள் வீட்டு வேலை செய்வது நேரில் காணப்பட்டது. கடைசியாகச் சொன்னது என் வாக்கியத்திலிருந்து எடுத்தது. ஆனாலும் பள்ளியை மூடியது அவர் அல்ல. திருத்திக்கொள்ள மூன்று மாதம் கொடுத்தார். அதற்குள் விசாரணை நடக்கிறது என்ற பேச்சு பரவியது. அந்தப் பேச்சு எந்தப் பேருந்தில் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு குழந்தைகள் செப்டம்பரில் பதின்மூன்று ஆனார்கள். நவம்பரில் எட்டு. எட்டுக் குழந்தைகளின் சம்பளத்தில் அந்த வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாது.

டிசம்பர் 3, சனிக்கிழமை, பள்ளியின் சாமான்களை விற்றார்கள். நான் போனேன். மாம்செல் வேலாயுதம் வாசலில் நின்று ஒவ்வொன்றையும் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கான் தெ மாஸ்க்கில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது என்றார். ஒரு வகுப்பில் நாற்பத்தெட்டுக் குழந்தைகள், பலகை, பிரம்பு எல்லாம் உண்டு.

“நான் பதினைஞ்சு கையெழுத்துதான் வாங்க முடிஞ்சது” என்றேன்.

“தெரியும், முசியே.”

“நான் தப்பா எண்ணிட்டேன்.”

அவர் கையிலிருந்த துணியை மடித்தார். “இல்ல. முசியே சீக்கிரமா நிறுத்திட்டீங்க” என்றார்.

மூலையில் இருந்த சின்ன மேசையைக் காட்டினேன். வாளி, கூஜா, நார், சோப்புத் தட்டு, மஞ்சள் ஏப்ரனோடு சேர்த்து வாங்கினேன். அவர் விலையைச் சொல்ல வாயெடுத்து, ‘எடுத்துட்டுப் போங்க’ என்றார். நான் பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். பேருந்தின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தேன். தெருவில் இறக்கும்போது மாரியாயி பார்த்தாள்.

“இந்த வாளிக்கா காசு குடுத்த, கணக்கப்புள்ள? எங்க வீட்ல சும்மாவே கெடக்குதே!”

வள்ளி வந்து மேசையைப் பார்த்தாள். தொடவில்லை.

8

பதினேழு மாதமாக அந்த மேசை என் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் இருக்கிறது. வள்ளிக்கு இப்போது ஆறரை வயது. உள்ளூர்ப் பள்ளியில் பலகையில் உட்காருகிறாள், எல்லாக் குழந்தைகளையும் போலக் கத்துகிறாள், தமிழ் வகுப்பில் மட்டும் வாய் திறப்பதில்லை. ஆகஸ்டில் இங்கிலாந்துக்கு, கமலாவிடம் போகிறாள். கமலா பயிற்சி முடிக்கப் போகிறாள். அவள் கடிதங்கள் இப்போது அரிசி டின்னுக்கு அடியில் இல்லை. கோயிலில் சொன்னதை மட்டும் இன்னும் திருத்தவில்லை.

இன்று காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, அதே போலத் தூறல், நான் வாளியில் தண்ணீர் பிடித்து அந்த மேசையின் முன்னால் உட்கார்ந்தேன். எழுபது வயதில் முழங்காலை மடக்க எனக்கு மூன்று தவணை ஆனது.  வள்ளி போவதற்குள் அந்த மேசையை யாராவது கழுவ வேண்டும் என்று தோன்றியது. ஏப்ரன் எனக்குக் கட்டாது, மடியில் போட்டுக்கொண்டேன். சோப்பை நாரில் தேய்த்தேன். மேல்சட்டை கை நனைந்துவிட்டது. எந்தப் பக்கம் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. நடுவில் தொடங்கினேன், நுரை எல்லாப் பக்கமும் வழிந்தது.

பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது. வள்ளி. பள்ளிச் சீருடையில், ஒரு காலில் மட்டும் காலுறையோடு. சிரிப்பாள், அல்லது சரியாகச் செய்யச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பேசவில்லை. அருகே வரவில்லை. நான் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, துடைத்து, தரையில் சிந்தியதைத் துடைத்து, துணியைப் பிழிந்து தொங்கப் போடும்வரை அப்படியே நின்றாள். வெளியே மாரியாயி தலை பின்ன இரண்டு முறை கூப்பிட்டாள். வள்ளி போகவில்லை. பதினெட்டு நிமிடம்.

நான் முடித்தேன். அதன் பிறகுதான் அவள் கையை அவிழ்த்துக்கொண்டு தலை பின்னப் போனாள்.

இதை அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால், தெய்வானைக்கு எழுதுகிறேன் என்றது இன்னும் அப்படியே நிற்கிறது. மாரியாயியின் கைநாட்டு போர்ட் லூயியில் அந்தக் கோப்பில் இருக்கிறது. அவள் சொன்னது சரி. அது அங்கேயே இருக்கட்டும்.

கணக்கை முடித்துவிடுகிறேன். பள்ளிச் சம்பளம் கமலா கொடுத்தது, அதைச் சேர்க்கவில்லை. மனுவுக்குக் காகிதமும் ரிஜிஸ்டர் தபாலும் ஒரு ரூபாய் பத்துச் சதம். போர்ட் லூயிக்கு ஆறு தடவை, போகவர இரண்டு ரூபாய் நாற்பது வீதம், பதினான்கு ரூபாய் நாற்பது. முத்திரைத் தாள் இரண்டு ரூபாய். மேசையும் சாமான்களும் பன்னிரண்டரை. அதைப் பேருந்தில் ஏற்ற ஐம்பது சதம். இன்று காலைச் சோப்பு முப்பது சதம்.

மொத்தம் முப்பது ரூபாய் எண்பது சதம்.